உயிருள்ளோர் பட்டியலில் சுய்-சாங்

மகனின் பெயரை எடுத்துவிடச் சொல்வதற்காகக் கம்-ஹோ அந்த அறுபத்திரண்டு படிகளையும் ஏறினாள். ஏறி முடிக்க அரை மணி நேரம் ஆனது. போன குளிர்காலத்தில் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளுக்குப் படி என்றாலே ஆகாது. மேலே, பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடத்தில், லாவ் வாத்தியார் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சேக்-லாம் தீவில் உயிரோடு இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் வீடு வீடாக எழுதிக்கொண்டிருந்தார்.

"வா ஹோ, வா. மை அரைக்கிற கல்லைத் தூக்கி ஒளிச்சு வெச்சுட்டேன்" என்றார் வாத்தியார்.

"பயப்படாதீங்க. இந்தத் தடவை உடைக்கிறதுக்கு வரல."

"போன தடவையும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே வந்தே."

போன தடவை என்றால் பத்து வருடத்துக்கு முன்னால். எங்கள் தீவில் பெரிய திருவிழா பத்து வருடத்துக்கு ஒருமுறைதான். மூன்று நாள் யாரும் மீன் பிடிக்கமாட்டார்கள், கறி தின்னமாட்டார்கள், பூனைகள்கூடத் தயிர்க்கட்டி மாதிரியான சோயாக்கட்டியைத் தின்றுவிட்டு மனிதர்களை முறைத்துக்கொண்டு அலையும். கடைசி நாள் காலையில் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் பெயரும் எழுதிய சிவப்புக் காகிதத்தைக் கோயில் சுவரில் ஒட்டுவார்கள். பூசாரி அதை உரக்க வாசித்து, சேவல் கொண்டையின் ரத்தத்தால் பொட்டு வைப்பார். அதன் பிரதியைக் காகிதக் குதிரைமேல் வைத்து எரித்து வானுலகத்துக்கு அனுப்புவார்கள். இவர்களெல்லாம் உயிரோடு இருக்கிறார்கள், அடுத்த பத்து வருடத்துக்கு இவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். சாயங்காலம் செத்தவர்களுக்குச் சோறு போடுவார்கள், காகிதத்தில் செய்த துணி எரிப்பார்கள். காலையில் பெயர் வாசிக்கப்பட்டவனுக்குச் சாயங்காலம் சோறு கிடையாது. ஒருவன் இரண்டு பக்கமும் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

போன தடவை கம்-ஹோ ஒற்றைக் காலில் நின்றாள். சுய்-சாங் கடலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போதே எட்டு வருடம் ஆகியிருந்தது. இருபத்து நான்கு வயதுப் பையன். மூடுபனிக் காலத்தில், கிழக்கு முனையில் போட்ட வலையை எடுத்து வருகிறேன் என்று தனியாகப் போனான். இரண்டு நாள் கழித்துப் படகு மட்டும் எதிர்க்கரையோரம் மிதந்தது. எஞ்சின் நன்றாக இருந்தது. குடுவையில் தேநீர் அப்படியே இருந்தது. ஆளைக் காணோம், உடலும் கிடைக்கவில்லை. ஊரில் எல்லோரும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. உடல் எங்கே, காட்டுங்கள் என்றாள். அந்த நேரம் பார்த்து மான்செஸ்டரிலிருந்து லீவில் வந்த ஒரு குடிகாரன், சுய்-சாங் மாதிரி ஒருத்தன் அங்கே சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுகிறான் என்று கதை விட்டான். அவனை நிற்கவைத்து உதைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து இங்கிலாந்துக்கு விமானம் ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் அவள் மகனின் போட்டோவைத் திணித்தாள். வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் பதில் சொன்னதில்லை.

அதனால் வாத்தியார் பட்டியலில் சுய்-சாங்கை விட்டுவிட்டு எழுதியபோது, அவருடைய அப்பா காலத்து மை அரைக்கும் கல்லைத் தூக்கி இந்தப் படியிலேயே போட்டு உடைத்தாள். வாத்தியாருக்கு வேறு வழி இல்லை. அவர்கள் குடும்பப் பெயரில் செக் வீடு, சுய்-சாங், அவனுக்குக் கீழே அம்மா கம்-ஹோ என்று எழுதினார். பூசாரி வாசித்தார். குதிரை எரிந்தது. சுய்-சாங் உயிரோடு இருக்கிறான் என்று மேலே தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது அவள் முக்காலியில் மெல்ல உட்கார்ந்து, மூச்சு அடங்குகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"பையன் பேரை எழுத வேண்டாம் வாத்தியாரே."

வாத்தியார் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அவன் சாயங்காலத்துப் பக்கம் போகட்டும். அவனுக்குச் சோறு போடணும்."

"நல்லா யோசிச்சியா? பொட்டு வெச்சதுக்கப்புறம் என்னால ஒரு புள்ளி மாத்த முடியாது."

"பதினெட்டு வருஷமா நான் வேற என்னத்தை யோசிச்சேன்?"

யோசித்தது உண்மையில் பதினெட்டு வருடம் இல்லை, அரை நாள். போன குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து, விடிந்ததிலிருந்து மதியம் தாண்டும் வரைக்கும் அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை. இருந்த வீடுகளும் பூட்டிக் கிடந்தன. வலியை அவள் பொறுத்துக்கொண்டாள். படகில் பிறந்தவள், படகிலேயே பிள்ளை பெற்றவள், புருஷன் நுரையீரல் கெட்டுச் செத்தபிறகு படகுத்துறையில் கணவாய்க் கருவாடும் இறால் விழுதும் விற்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். வலியெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். பசியைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள்ளே முந்தின நாள் கஞ்சி இருக்கிறது, இருபது அடி, எட்டிப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. பையன் செத்திருந்தால்? செத்திருந்தால், இத்தனை வருடமும் அவன் இப்படித்தானே கிடந்திருப்பான்? சோறு இருக்கிறது, போடுவதற்கு அம்மா இருக்கிறாள், ஆனால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவளே மேலே எழுதிக் கொடுத்திருக்கிறாள். கருவாடு வாங்க வந்த ஒரு பொம்பளை கண்டு ஆள் கூப்பிட்டபோது, கம்-ஹோ இடுப்பு வலிக்கிறது என்று சொல்லவில்லை. "பையன் பசியோட இருக்கான்" என்றாள். விழுந்ததில் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

புத்தி அப்போதுதான் அவளுக்குத் தெளிந்தது என்பேன் நான். தெளிந்த புத்தி யாருக்கு நிம்மதி கொடுத்திருக்கிறது?

உடல் கிடைக்காதவனை ஆவியாக அழைத்துச் சோறு போடுவது எங்கள் தீவில் இந்தத் திருவிழாவில் மட்டும்தான் நடக்கும். இந்தத் தடவை விட்டால் இன்னும் பத்து வருடம். கம்-ஹோவுக்கு எழுபத்தாறு.

வாத்தியார் வரைவுக் காகிதத்தில் செக் வீட்டுக்கு நேராக ஒரு பெயரை மட்டும் எழுதிப் படித்துக் காட்டினார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒற்றையாக நிற்கிற பெயர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எழுத்து எதற்கு? கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படியிறங்கினாள்.

அடுத்த வாரம் படகேறி நகரத்துக்குப் போய்க் காகிதத் துணி வாங்கினாள். சட்டை, கால்சட்டை, குளிருக்கு ஒரு மேலங்கி, ஒரு ஜோடி செருப்பு. கடைக்காரன் அளவு கேட்டான்.

"போகும்போது ஒல்லியா இருந்தான்" என்றாள் கம்-ஹோ. "இப்ப நாப்பத்திரண்டு. அவங்க அப்பாவுக்கு நாப்பதுல தொப்பை விழுந்துடுச்சு."

"அங்க போனவங்களுக்கு வயசு ஏறாதும்மா."

"நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?"

கடைக்காரன் வாயை மூடிக்கொண்டு பெரிய அளவில் எடுத்துக் கொடுத்தான். பொட்டலத்தின்மேல் சுய்-சாங்கின் பெயர்ச் சீட்டையும் எழுதி ஒட்டினான். பெயர்ச் சீட்டு இல்லாத பொட்டலம் நெருப்பிலிருந்து மறுபக்கம் போனதும் எவன் கையில் வேண்டுமானாலும் சிக்கும். ஒட்டினது நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று படகில் வரும்போது இரண்டு மூன்று தடவை தடவிப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி, பல வருடங்களுக்குப் பிறகு, நடுவில் எழுந்திருக்காமல் தூங்கினாள்.

மகள் யூக்-லான் கடைசி நாள் காலைப் படகில் வந்து இறங்கினாள். அம்மாவும் மகளும் சரியாகப் பேசிக்கொண்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. போன திருவிழாவில் பெயர் வாசித்து முடித்ததும், ஊருக்கு நடுவில் வைத்து யூக்-லான் கத்தினாள். "அண்ணன் செத்துட்டான்! நீயும் அவன்கூடச் சேர்ந்து செத்துக்கிட்டிருக்கே! உயிரோட ஒருத்தி இருக்கேனே, என்னை எந்தப் பட்டியல்ல எழுதியிருக்கே?" கட்டிக் கொடுத்த மகள் பெயர் அம்மா வீட்டுப் பட்டியலில் வராது, அது வழக்கம். ஆனால் அவள் கேட்டது வழக்கத்தைப் பற்றி இல்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் அவள் தீவுப் பக்கமே வரவில்லை. வந்தபோதும் விருந்தாளி மாதிரி வந்து, பழம் வைத்துவிட்டு, அடுத்த படகில் போனாள்.

இந்தத் தடவை அவள் படகிலிருந்து குதித்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இப்படி இளைச்சுட்டே? மூணு நாள் மீன் இல்லன்னா உயிரே போயிடுமா உனக்கு?"

"வாயை மூடு. இன்னிக்கு அந்த வார்த்தையெல்லாம் பேசக்கூடாது."

"சரி, வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

கோயில் வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. இங்கிலாந்திலிருந்தும் ஹாலந்திலிருந்தும் வந்தவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சுவரில் ஒட்டிய சிவப்புக் காகிதத்தில் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தன் பெயரைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்வதில் மனிதர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பூசாரி ஏற்கனவே வாசித்து முடித்திருந்தார். காகிதத்தின் ஓரத்தில் சேவல் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இடுப்பு வலியால் கம்-ஹோ சீக்கிரம் வர முடியாமல் போனதை நினைத்துத்தான் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வந்திருந்தால் வாசிக்கும்போதே காதில் விழுந்திருக்கும். பொட்டு வைப்பதற்கு முன்னால் ஒரு கூச்சல் போட்டிருப்பாள். கூச்சல் போட அவளுக்கா தெரியாது?

யூக்-லான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அம்மாவை முன்னால் நிறுத்தி, விரலை வைத்துக் காட்டினாள்.

"பாரு. செக் வீடு. செக் சுய்-சாங். அதுக்குக் கீழே நீ."

கம்-ஹோ பார்த்தாள். இரண்டு பெயர்.

"நான்தாம்மா எழுத வெச்சேன்" என்றாள் யூக்-லான். "முந்தாநாள் வாத்தியாருக்குப் போன் போட்டு, அண்ணன் பேரு இருக்கான்னு கேட்டேன். ஒங்கம்மா எடுக்கச் சொல்லிட்டாளேன்னு சொன்னாரு. எனக்குத் தாங்கல. நான் அன்னைக்குச் சொன்னதாலதானே எடுக்கச் சொன்னே? நான் வந்து மறுபடி கத்துவேன்னுதானே? பத்து வருஷமா அந்த வார்த்தை எனக்குத் தொண்டையில முள்ளாட்டம் நிக்குதும்மா. என் புள்ளைக்கு இப்ப இருபது வயசு. அவன் ஒரு நாள் வரலன்னா நான் என்ன ஆவேன்? அதான், எழுதுங்க, அம்மாதான் எழுதச் சொல்றாங்கன்னு சொல்லிட்டேன்."

கம்-ஹோவின் தலையில் இடி விழுந்தது. விழுந்த சத்தம் அவள் ஒருத்திக்குத்தான் கேட்டது. திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். அழுது சிரித்துக்கொண்டு, சின்ன வயதில் முதல் கணவாயைத் தானே பிடித்துக் கொண்டுவந்து காட்டியபோது இருந்த அதே முகம். இவளிடம் என்னவென்று சொல்வது? நீ உன் அண்ணனைப் பத்து வருடத்துக்குப் பட்டினி போட்டுவிட்டாய் என்றா?

"எனக்காகத்தானேம்மா எடுக்கச் சொன்னே?"

"ஆமா" என்றாள் கம்-ஹோ.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் பூசாரி இருந்த மூங்கில் கொட்டகைக்கு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு விரைந்தாள். வழியில் லாவ் வாத்தியார் எதிர்ப்பட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

"அம்மாவும் மகளும் பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன், ஹோ. நீதான் மனசு மாறுற ஆளாச்சே."

"உங்க மேல தப்பு இல்ல" என்றாள் அவள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பூசாரி நடுவயதுக்காரர், நகரத்திலிருந்து வந்தவர், நல்ல மனுஷன். நெஞ்சில் நாரைப் பறவை தைத்த அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பொட்டு வெச்சாச்சேம்மா."

"ஒரு பேருதானே சாமி. மேல மை தடவிடுங்க."

"உயிரோட இருக்கான்னு ரத்தப் பொட்டு வெச்ச பேருமேல மை தடவினா அதுக்கு என்ன அர்த்தம்? பட்டியல்ல இருக்கிற மத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது? முந்நூறு பேரு இருக்காங்க."

"அப்ப சாயங்காலம் அவனைப் பேர் சொல்லியாவது கூப்பிடுங்க. துணி வாங்கி வெச்சிருக்கேன். செருப்பு வாங்கி வெச்சிருக்கேன்."

"பட்டியல்ல இருக்கிறவன் பேரைச் சொல்லி அந்தப் பக்கத்துச் சோத்துக்குக் கூப்பிட்டா, அது சாபம் வைக்கிற மாதிரி. எங்க ஆளுங்க யாரும் செய்யமாட்டாங்க. நான் செஞ்சாலும் அங்க அவனை விடமாட்டாங்கம்மா. நீ இந்தப் பக்கத்து ஆளு, போன்னு துரத்திடுவாங்க."

"எங்க போவான்? இந்தப் பக்கமும் இல்லையே அவன்."

பூசாரி கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "அடுத்த தடவை முன்கூட்டியே எங்கிட்ட நேரா வந்து சொல்லுங்க" என்றார். சொன்னபிறகுதான் அவள் வயது அவர் கண்ணில் பட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே மேளம் அதிர்ந்தது. நீல அங்கி போட்ட இளம் பூசாரி ஒருவர், பட்டியலின் பிரதியை முதுகில் கட்டிய காகிதக் குதிரையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரைக்கும் ஓடித் திரும்பினார். ஊரே வழிநெடுகக் கைதட்டி விரட்டியது. கம்-ஹோ கொட்டகை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆள் தடுக்கி விழவேண்டும், குதிரை கடலில் விழுந்து நனைந்து கூழாகவேண்டும் என்று கடல் தெய்வமான தின் ஹாவ் அம்மனை அவள் வேண்டினாள். எழுபத்தாறு வருடத்தில் அம்மனிடம் அவள் கேட்ட கெட்ட வரம் அது ஒன்றுதான். அவர் தடுக்கி விழவில்லை. குதிரைக்குத் தீ வைத்ததும், காகிதமல்லவா, நொடியில் பற்றிக்கொண்டது. சாம்பல் மேலே மேலே போனது. யூக்-லான் அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பொழுது சாயும் நேரத்துக்குக் கடற்கரையில் சோறு போடத் தொடங்கினார்கள். இரண்டாள் உயரத்துக்குக் காகிதத்தில் செய்த பேயரசன், நெருக்கித் தள்ளுகிற ஆவிகளை ஒழுங்குபடுத்துவதற்காக, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றான். அவன் காலடியில் வெள்ளைச் சோறு, முளைகட்டிய பயறு, ரொட்டி, சாராயம். பூசாரி மணியை ஆட்டி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். புயலில் போனவர்கள், வேற்று ஊரில் போனவர்கள், போன வருடம் மூழ்கிய இரண்டு பேர். பெயர் கூப்பிட்டதும் அந்தந்த வீட்டுக்காரர்கள் முன்னால் போய்ப் பொட்டலத்தை நெருப்பில் வைத்து, "வந்து வாங்கிக்கோ" என்று அழுதார்கள். அப்படி அழக் கிடைத்தவர்கள்மேல் கம்-ஹோவுக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியில், ஆளும் பேரும் இல்லாதவர்களுக்கு என்று பொதுவாகப் போடுகிற நேரம் வந்தது. கம்-ஹோ தன் பொட்டலத்தை எடுத்தாள். பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டினாள். நன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. கிழித்துக் கிழித்துத்தான் எடுக்க முடிந்தது. பிறகு பொட்டலத்தை மற்றவர்கள் பொட்டலங்களோடு நெருப்பில் போட்டாள். எவன் பலசாலியோ அவன் பிடுங்கிக்கொள்வான். சுய்-சாங் சின்ன வயதிலிருந்தே முண்டியடிக்கத் தெரியாதவன். கல்யாணப் பந்தியில்கூட எல்லோரும் உட்காரட்டும் என்று சுவரோரம் நிற்பான். அவள்தான் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைப்பாள்.

"யாருக்கும்மா அது?" என்று யூக்-லான் கேட்டாள்.

"ஆளில்லாதவங்களுக்கு."

"பாவம்" என்றாள் யூக்-லான். அவளும் ஒரு பிடி சோறு அள்ளி இருட்டுகிற பக்கமாக வீசினாள். பிறகு அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டாள்.

இவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கம்-ஹோ நினைத்தாள். இப்போது வேண்டாம், சாகிறதுக்குள் ஒருநாள். அடுத்த தடவைக்கு இவளாவது வந்து பெயரை எடுக்கச் சொல்லலாமே. ஆனால் சொன்னால் இன்றைக்குச் செய்தது என்னவென்று இவளுக்குத் தெரிந்துவிடும். பத்து வருடம் ஒரு வார்த்தைக்காகத் தூங்காதவள், இதைத் தெரிந்துகொண்டு எப்படித் தூங்குவாள்?

"அடுத்த திருவிழாவுக்கு நீ வருவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"வராம? உனக்கு முடியலன்னாலும் நான் வருவேன். அண்ணன் பேரை நானே நின்னு எழுத வைப்பேன். எனக்கப்புறம் என் புள்ளை வருவான், அவங்கிட்டயும் சொல்லிட்டேன். யார் வந்து எடுக்கச் சொன்னாலும் விடமாட்டோம்மா."

யூக்-லான் பேயரசன் பக்கம் திரும்பி, மூன்று தடவை குனிந்து, அதையே சத்தியமாகச் சொன்னாள். அவன் முன்னால் செய்த சத்தியத்தை எங்கள் தீவில் யாரும் மீறியதில்லை. கம்-ஹோ அவள் பக்கத்திலேயே நின்று, சரி என்று தலையாட்டினாள்.